நப்பின்னை: மூடப்பட்ட ஒரு முதுபெயர்

தமிழ்ப் பெண்பாற் பெயர்களுள் ஒன்று, ஆண்டுதோறும் சிலை (மார்கழி)த் திங்களில் மூன்று நாள் தமிழ்நாடெங்கும் வாயாரப் பாடப்பெறுகின்றது. கோயில்களில் பாடுகின்றனர், இல்லங்களில் பாடுகின்றனர், வானொலியிலும் ஒலிபெருக்கியிலும் அதுவே ஒலிக்கின்றது. கோதையார் பாடிய திருப்பாவையின் 18, 19, 20 ஆகிய மூன்று பாடல்களிலும் அப் பெயர் அமைந்துள்ளது. மூன்றாம் நாள் கழிந்ததும் அப் பெயர் ஏட்டினுட் புகுந்து உறங்கிவிடுகின்றது. அடுத்த சிலைத் திங்கள் வரும்வரை அதனைச் சொல்லி அழைப்பார் இலர். விடியற்காலையில் அதனைப் பாடிய தாய், தன் மகளை அழைக்கும்பொழுது வேறு பெயரால் அழைக்கின்றாள். பாடுதற்கு ஏற்ற பெயர், அழைத்தற்கு ஏலாத பெயராயிற்று.

அப் பெயர் நப்பின்னை.

ஒரு பெயர் அரிதாவது இருவகையான் நிகழும். பொருளும் பயனும் தேய்ந்து, பழுத்த இலைபோல் தானே உதிர்வது ஒருவகை. பச்சையாக இருக்கும்பொழுதே அதன்மேல் வேறொரு பெயர் போர்த்தப்பட்டு, காற்றும் ஒளியும் இன்றி மறைவது மற்றொரு வகை. முன்னதற்கு நாம் வருந்தவேண்டுவதில்லை. மொழியின் இயற்கை அது. பின்னதற்கு வருந்தினால் மட்டும் போதாது. போர்வையை விலக்கிப் பார்த்தல் வேண்டும். நப்பின்னை என்னும் பெயர் இவ் விரண்டாம் வகையைச் சார்ந்தது என்பதும், அதனை மீட்பதற்குத் தேவையானது ஒரு தாய் தந்தையின் வாய்ச்சொல்லே என்பதுமே ஈண்டு நாம் சொல்லவந்தவை.

பெயரின் அமைப்பு

நப்பின்னை என்பது ந + பின்னை எனப் பிரியும். முன்னிற்கும் ந என்பது 'நல்ல', 'சிறந்த' என்னும் பொருள் தரும் முன்னொட்டு. சிறப்புப் பொருளை உணர்த்தும் இடைச்சொல் என்பர் உரையாசிரியர். நன்மை, நலம், நல்கல் என்பவற்றோடு உறவுடையது அது.

இம் முன்னொட்டுக் கழகக் காலப் பெயர்களில் பெருவழக்காக இருந்தது. கீரர் நக்கீரர் ஆனார். பூதனார் நப்பூதனார் ஆனார். முல்லைப்பாட்டை இயற்றியவர் அவர். தத்தனார் நத்தத்தனார் ஆனார்; சிறுபாணாற்றுப்படை அவர் வாய்ப் பிறந்தது. பண்ணனார் நப்பண்ணனார் ஆனார். பரிபாடலில் செவ்வேளைப் பாடினார். பெண்பாலார் பெயரிலும் அம் முறையே உண்டு. செள்ளையார் நச்செள்ளையார், பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடி, ஆடுகோட்பாட்டுச் சேரலாதனிடம் அணிகலன் செய்யப் பொன்னும் நூறாயிரம் காணமும் பெற்ற பெருமாட்டி அவர். மாறோக்கத்துப் பசலையார் நப்பசலையார். புறநானூற்றில் அவர் பாடல்கள் உள்ளன. கச்சிப்பேட்டு நாகையார் நன்னாகையார். குறுந்தொகையில் அவர் குரல் கேட்கின்றது.

இவ் வரிசையில் வைத்துப் பார்க்குங்கால் நப்பின்னை என்பது தனித்த ஒரு பெயரன்று. ஒரு பெயரீட்டு முறையின் எஞ்சிய சான்று என்பது விளங்கும். மக்கள் பெயருக்கு முன்னே 'நல்ல' என்று ஓரெழுத்தால் வாழ்த்துச் சேர்த்து அழைத்த மரபு அது. இற்றை நாள் தமிழர் சிலர் தம் மக்கள் பெயருக்கு முன்னும் பின்னும் 'சிரீ' என்பதை ஒட்டவைத்துப் பெருமை கொள்கின்றனர். அதே வேலையைத் தமிழின் ஒற்றை நகரம் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே செய்து முடித்தது என்பதை அவர்க்கு யார் எடுத்துச் சொல்வது?

பின்னை என்பதன் பொருள்

இனிப் பின்னை என்பது யாது? இதற்கு மூன்று பொருள் சொல்லப்படுவதுண்டு. மூன்றையும் எடை நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது, பின் என்னும் அடியினின்று வந்த 'பின்னவள், இளையவள், தங்கை' என்னும் பொருள். தமையனை 'முன்' என்றும் தம்பியைப் 'பின்' என்றும் வழங்கியது பழந்தமிழ். பலராமனைத் தம்முன் என்றே பாவியங்கள் குறிக்கும். மூத்தவள் தவ்வை என்றும் இளையவள் திருமகள் என்றும் கொள்ளும் நம் பழங்கதையோடும் இப் பொருள் ஒத்துவரும். திருப்பாவையின் 20-ஆம் பாட்டில் நப்பின்னையைத் திருவே என்று கோதையார் விளிப்பதும் கருதத்தக்கது.

இரண்டாவது, பின்னை என்பது புன்னை மரத்தின் திரிபு என்னும் கருத்து. பேச்சு வழக்கில் புன்னையைப் பின்னை என்பதும், அதன் விதையெண்ணெயைப் பின்னையெண்ணெய் என்பதும் உண்மையே. மரத்தைப் பெண்ணாகப் போற்றிய பண்பாடும் நம்மதே; புன்னை மரத்தைத் தலைவியின் உடன்பிறந்தாளாகவே காட்டும் நற்றிணைப் பாடல் (172) ஒன்றுண்டு. எனினும், புன்னை நெய்தல் நிலத்து மரம். நப்பின்னையோ முல்லை நிலத்து ஆயர்மகள். நிலம் மாறுபடுவதால் இக் கருத்து வலுப்பெறவில்லை.

மூன்றாவது, பின்னுதல் என்னும் வினையினின்று வந்த 'பின்னிய கூந்தலையுடையாள்' என்னும் பொருள். பிணை, பிணையல், பின்னல் ஆகிய சொற்களின் குடும்பத்தைச் சார்ந்தது இது. இதற்குரிய சான்றுகள் கருதத்தக்கன. பின்னைக்குப் பிஞ்ஞை என்னும் வடிவமும் மணிமேகலையில் உண்டு. அன்னை அஞ்ஞை ஆவதுபோல், னகர இரட்டை ஞகர இரட்டையாகும் திரிபு இது. பின்னிய மயிராகிய பின்னகம் என்பதும் இவ்வாறே பிஞ்ஞகம் ஆகும். சடைமுடிச் சிவனைப் பிஞ்ஞகன் என்று மணிவாசகர் அழைத்ததைச் சிவபுராணம் ஓதுவார் யாவரும் அறிவர். பின்னகம், பிஞ்ஞகம் என்னும் இணை எவ்வாறோ, அவ்வாறே பின்னை, பிஞ்ஞை என்னும் இணையும்.

மேலும், கோதையாரின் மூன்று பாடல்களுள் முதலிரண்டிலும் நப்பின்னையின் கூந்தல் போற்றப்படுகின்றது. ஒன்றில் அதன் மணம், மற்றொன்றில் அதில் மலர்ந்த பூங்கொத்து. திருவள்ளுவமாலையில் நல்கூர்வேள்வியார் பெயரால் அமைந்த வெண்பா, கண்ணன் மணந்தவளை உபகேசி என்று சொல்கின்றது. கேசம் என்பது கூந்தலைக் குறிக்கும் வடசொல். நப்பின்னையை வடசொல்லாற் குறிக்கப் புகுந்தவரும் கூந்தலையே பற்றுக்கோடாகக் கொண்டனர் என்றால், அப் பெயரின் பொருள் கூந்தலைச் சார்ந்தது என்னும் நினைவு அற்றை நாளில் மறையவில்லை என்பதே பொருத்தமாகும்.

முதற்பொருளும் மூன்றாம் பொருளுமே நிற்கத்தக்கன. இவ் விரண்டனுள் எதனைக் கொள்வார்க்கும் தடையில்லை. 'நல்ல இளையாள்' எனினும் தமிழே. 'நல்ல பின்னற் கூந்தலாள்' எனினும் தமிழே. பெற்றோர் பெயரிடுங்கால் இரண்டையும் மகளுக்குச் சொல்லி வளர்க்கலாம். பொருள் கேட்டால் விழிக்கவேண்டிய தேவை இப் பெயரில் இல்லை.

ஆயர்மகள்

நப்பின்னை யார்? இதற்கு விடை தேட வடநூல்களுக்குச் செல்ல வேண்டா. மதுரைக்குப் புறத்தே, வைகைக் கரையை அடுத்த ஆயர் சேரிக்குச் செல்வோம்.

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில், மாதரியின் மனையில் தீக்குறிகள் தோன்றுகின்றன. குடத்துப் பால் உறையவில்லை; உறியில் வெண்ணெய் உருகவில்லை; ஏற்றின் கண்ணில் நீர் சோர்கின்றது; ஆவின் கழுத்து மணி அறுந்து வீழ்கின்றது. ஆக்களின் துயர் நீங்குக என்று மாதரி குரவையாட முனைகின்றாள். ஏறு வளர்த்த எழுவர் ஆயமகளிரை வட்டமாக நிறுத்துகின்றாள். அவ்வவ் ஏற்றை அடக்குவோனுக்கே அவ்வம் மகளின் தோள் உரியது. எழுவர்க்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழிசையின் பெயர்களை இடுகின்றாள். பின்னர்க் குரல் என்பாளை மாயவன் என்கின்றாள்; இளி என்பாளை வெண்ணிறப் பலராமன் என்கின்றாள்; துத்தம் என்பாளைப் பின்னை என்கின்றாள்.

இதனைக் கூர்ந்து நோக்குக. ஆயர் சேரியில் ஒரு முதியவள், தன் குடியில் தோன்றிய இடுக்கண் தீர, முதற்கண் செய்யும் செயல் பெயரிடுதல். அப் பெயர்களுள் ஒன்று பின்னை. ஏழிசையில் இரண்டாம் இசையின் இடத்தை அவளுக்கு அளித்தார் இளங்கோவடிகள். அந்தக் குரவையைக் கண்டு நின்றவள் கண்ணகி. கோவலன் வெட்டுண்ட செய்தி அவள் செவிக்கு எட்டுவதற்கு முன்னர், அவள் கேட்ட கடைசி மங்கலப் பாட்டில் நப்பின்னை இருந்தாள். கண்ணகியின் பெயரை இன்று தமிழ்நாட்டிற் பலர் தாங்குகின்றனர். அது நமக்குப் பெருமை. அவள் கண்முன் பாடப்பட்ட பெயரோ அரிதாயிற்று.

இன்னும் முன்னே செல்லின், கலித்தொகையின் முல்லைக்கலி உண்டு. ஏற்றின் கொம்புக்கு அஞ்சுவானை மறுபிறப்பிலும் ஆயர்மகள் தழுவாள் என்று அதன் பாட்டொன்று கூறும். ஏழு விடை தழுவிக் கண்ணன் நப்பின்னையை மணந்தான் என்று ஆழ்வார்கள் பலகாலும் பாடுவது, இவ் ஏறுதழுவல் மரபின் நேர்வழி வந்ததே. எவனுக்கு உரியவள் என்பதை ஏற்றின் முன்னே தீர்மானிக்கும் ஆயமகளிரின் தலைமகள் அவள்.

அவள் பெயர் ஒரு சமயத்தார் வேலிக்குள் அடங்கியதுமன்று. சமணத் துறவி என்று கருதப்படும் இளங்கோவடிகள் அவளைப் பாடினார். புத்த நெறியைப் பரப்பவந்த மணிமேகலையில், பூம்பொழிற் காட்சியொன்றைக் காணும் மன்னனுக்கு, மாயவனும் தம்முனும் பிஞ்ஞையும் ஆடிய குரவை நினைவுக்கு வருகின்றது. சமணராகிய திருத்தக்கதேவர் சிந்தாமணியில் அவளை வைத்த இடமோ மிகவும் நயமானது. ஆயர் தலைவன் நந்தகோன் தன் மகள் கோவிந்தையைச் சீவகனுக்குக் கொடுக்க முன்வருகின்றான். குலத்தை எண்ணாதே என்று தொடங்கி, முருகன் வள்ளியை மணக்கவில்லையா, திருமால் நப்பின்னையை அடையவில்லையா என்று வினவுகின்றான். குலவேற்றுமைக்கு எதிராக ஓர் ஆயன் எடுத்துக்காட்டிய இரண்டு பெயர்கள் வள்ளியும் நப்பின்னையும் ஆகும். வள்ளி என்பது இன்றும் ஊர்தோறும் வாழும் பெயர். உடன் சொல்லப்பட்ட மற்றொன்று எங்கே போயிற்று?

பத்திமை மரபில் அப் பெயர் எவ்வளவு உயிரோடு இருந்தது என்பதற்கு மாலியப் பெரியோரின் வரலாறே சான்று. இராமாநுசர் திருப்பாவையை ஓதியவாறே ஐயமேற்கச் சென்றார் என்றும், நப்பின்னையைக் கதவு திறக்க வேண்டும் 18-ஆம் பாட்டை ஓதியவாறு பெரியநம்பியின் வாயிலில் நின்றபொழுது, நம்பியின் மகள் அத்துழாய் வளையொலிக்கக் கதவைத் திறந்தாள் என்றும், நப்பின்னையே வந்தாள் என்று அவர் மயங்கி வீழ்ந்தார் என்றும் அவ் வரலாறு கூறும். அக் கதையில் வரும் இரு பெண்களின் பெயரும் தமிழ்ப்பெயர் என்பதைக் காண்க. அத்துழாயின் பெயரில் நம் துழாய்ச் செடி மணக்கின்றது. இன்று துழாய் துளசியாயிற்று. அத்துழாய் என்னும் பெயரும் வழக்கினின்று நீங்கிற்று.

போர்த்தப்பட்ட பெயர்கள்

நப்பின்னையின்மேல் மூன்று போர்வைகள் வீழ்ந்தன.

முதற்போர்வை நீளா என்பது. மாலிய ஆசிரியர் மரபில் நப்பின்னை, திருமகள், நிலமகள் ஆகியோரோடு மூன்றாமவளாக நீளாதேவி என்று வடமொழிப் பெயர் பெற்றாள். திருப்பாவைக்குப் பராசர பட்டர் இயற்றிய வடமொழித் தனியனின் முதற்சொல்லே நீளா என்பதுதான். தமிழ்ப் பாவைக்குள் நப்பின்னை. அதன் வாயிலில் வடமொழி நீளா. நூலுக்குள் நுழைவார் எதனை முதலிற் கேட்பர் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இரண்டாம் போர்வை பாகவதத்தினது. அதன் பத்தாம் பகுதியில், கோசல நாட்டு மன்னன் நக்கனசித்து என்பான் தன் மகள் சத்தியைக்கு ஏழு விடைகளைப் பந்தயமாக வைத்தான் என்றும், கண்ணன் அவற்றை அடக்கி அவளை மணந்தான் என்றும் வருகின்றது. ஏழு விடை அவையே, மணமகனும் அவனே. ஆயின், ஆயர்மகள் அரசன் மகளாகிவிட்டாள். ஆயர் தொழுவம் கோசலத்து அரண்மனையாகிவிட்டது. பாகவதம் தென்னாட்டில் ஆழ்வார்களின் பாடல்களை அறிந்தோரால் இயற்றப்பட்டது என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. அக் கொள்கைப்படி, நம் மண்ணிற் பிறந்த கதை வடமொழியாடை உடுத்து, குலமும் பெயரும் மாறி நம்மிடமே திரும்பிவந்தது எனலாம்.

மூன்றாம் போர்வை இராதை. சிலம்பில் இராதை இல்லை. ஆழ்வார்களின் நாலாயிரத்தில் இராதை இல்லை. கிழக்கே 12-ஆம் நூற்றாண்டில் செயதேவர் பாடிய கீதகோவிந்தத்தின் வழியாக இராதையின் புகழ் நாடெங்கும் பரவிற்று. பின்னர்ப் பாட்டுக் கச்சேரிகளும் கதைப்பாட்டுகளும் ஓவியங்களும் திரைப்படங்களும் அப் பெயரைத் தமிழ்ப் பெண்களுக்குச் சூட்டின. கண்ணனுக்கு உரியவள் யார் என்று இன்றைத் தமிழ்ச் சிறுவனைக் கேட்டால், இராதை என்பான். பிறர் நாட்டார் தம் பாட்டுத்தலைவியைப் போற்றுவதில் நமக்கு வழக்கில்லை. நம் பாட்டுத்தலைவியை நாம் மறந்ததுதான் வழக்கு.

இவ்வாறே கோதை என்னும் பெயரும் கோதா ஆக்கப்பட்டது. மாலை என்னும் பொருள் கொண்ட தூய தமிழ்ச்சொல் கோதை. சேர மன்னர் பலர் அதனைத் தம் பெயரிற் பூண்டிருந்தனர். ஓரெழுத்தை நீட்டியதனால் அது வடசொற்போல் தோன்றிற்று. பெயர்கள் எவ்வளவு மெல்லென மாற்றப்படுகின்றன என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா. பாடியவள் பெயரும் மாறிற்று; பாடப்பட்டவள் பெயரும் மாறிற்று; பாட்டு மட்டும் தமிழாக நின்றது.

வியப்பு யாதெனின், அயல்நாட்டார் இப் பெயரைத் தேடிவந்தனர் என்பதே. தென்னிசு அட்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், கண்ணனின் ஆயர்குல மனைவியாகிய பின்னையைப் பற்றித் தனியொரு கட்டுரை எழுதினார். அது 1982-இல் வெளிவந்தது. கடல் கடந்து ஒருவர் தேடிய பெயரை நம் தெருவிற் கேட்க முடியவில்லை.

தடை சொல்வார்க்கு விடை

இப் பெயரை இடுக என்று சொன்னவுடன் எழக்கூடிய தடைகள் சில உள.

'இது சமயப்பெயர், பகுத்தறிவாளர் இதனை எவ்வாறு இடுவது?' என்பர் சிலர். சமணரும் புத்தரும் பாடிய பெயரை ஒரு சமயத்தார்க்கே எழுதிக்கொடுப்பது நம் பிழையாகும். முல்லை நிலத்து மக்களின் வாழ்விலிருந்து எழுந்தவள் நப்பின்னை. ஏறு வளர்த்தவள், குரவையில் இடம் பெற்றவள், குலவேற்றுமையை மறுக்க எடுத்துக்காட்டாக நின்றவள். கோயிலுக்குச் செல்வாரும் அவளை ஏற்கலாம், செல்லாதாரும் ஏற்கலாம்.

'பின் என்பது பிற்படுதலைக் குறிக்குமே' என்பர் வேறு சிலர். தங்கையை இளையாள் என்று அழைப்பதில் இழிவென்ன உண்டு? பின்னலை இழிவென்று எந்தப் பெண் சொல்வாள்? பொருள் அறியாத அயற்பெயரைக் கேள்வியின்றி ஏற்பவர், பொருள் தெளிந்த தமிழ்ப்பெயரிடம் மட்டும் இத்துணைக் கேள்வி கேட்பது ஏன் என்பதே நம் கேள்வி.

'ஒலி கரடுமுரடாக உள்ளது. பள்ளியிற் பிள்ளைகள் நகைப்பர்' என்பது மூன்றாவது. நப்பின்னையில் ழகரம் இல்லை, றகரம் இல்லை, ளகரம் இல்லை. பிறமொழியாளர் நாவும் இதனிடத்தே தடுமாறுதற்கு வழியில்லை. வீட்டில் அழைக்கச் சுருக்கம் வேண்டுமெனில் பின்னை என்க. கொஞ்சி அழைக்கப் பிஞ்ஞை என்க. முன்னதைச் சிலம்பும் பின்னதை மணிமேகலையும் வழங்கியுள்ளன. செல்லப்பெயரையும் பாவியம் தந்த பெயர் வேறு எத்தனை உள?

நான்காவது தடை நம்மவரிடமிருந்தே வரும். 'தூய தமிழ்ப்பெயர்கள்தாம் இடுகின்றோமே. இப் பழம்பெயர் எதற்கு?' என்பர். 1916-இல் தனித்தமிழியக்கம் தோன்றியபொழுது, வேதாசலம் என்னும் பெயரை மறைமலை என்று ஆக்கிக்கொண்ட அடிகளார், தம் மக்கள் பெயரையும் தமிழாக்கினார். திரிபுரசுந்தரி முந்நகரழகியானார். அடைபட்ட வழியை உடைத்துத் திறந்த அரும்பணி அது. அதன் வழியே பல்லாயிரம் பெயர்கள் பின்னர் வந்தன. கயல்விழியும் தேன்மொழியும் தமிழ்ச்செல்வியும் நம் வீடுகளில் நிறைந்தது அவ் வியக்கத்தின் பயன். அவற்றைக் குறை சொல்வார் நம்முள் இலர்.

எனினும், மொழிபெயர்த்துக்கொண்ட பெயரும் புதிதாகப் புனைந்த பெயரும் ஒருவகைச் செல்வம். வாழையடி வாழையாக வந்த பெயர் மற்றொரு வகைச் செல்வம். புதுப்பெயர் நம் விருப்பத்தைக் காட்டும். முதுபெயர் நம் வரலாற்றைக் காட்டும். தேன்மொழி என்று அழைக்குங்கால் ஓர் இனிய பொருள் தோன்றுகின்றது. நப்பின்னை என்று அழைக்குங்கால் முல்லை நிலமும் ஏறுதழுவலும் ஏழிசையும் குரவையும் கண்ணகி நின்ற முற்றமும் உடன் எழுந்து வருகின்றன. இரண்டும் வேண்டும். புதியன புனைவதிலே நாம் காட்டிய ஊக்கத்தைப் பழையன மீட்பதிலும் காட்டுதல் வேண்டும்.

செய்யத்தக்கது

2017-ஆம் ஆண்டு சுறவ (தை)த் திங்களில் சென்னைக் கடற்கரையிலும் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இளைஞர் பல்லாயிரவர் ஏறுதழுவலுக்காகத் திரண்டனர். அவருள் மகளிர் கூட்டம் மிகுதியாக இருந்தது. அவ் வாண்டே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டத்திருத்தம் நிறைவேற்றியது. 2023-ஆம் ஆண்டு விடை (வைகாசி)த் திங்களில் உச்சநயன்மன்றமும் அதனை ஏற்றுத் தீர்ப்பளித்தது. ஏறு மீண்டது. அவ் வேற்றோடு பாட்டில் பிணைந்து நின்ற ஆயர்மகளின் பெயர் மீளவில்லை. கடற்கரையில் இரவும் பகலும் இருந்த அவ் விளைஞர்கள் இன்று மணம் முடித்துத் தாய் தந்தையர் ஆகும் பருவத்தினர். காளையின் பொருட்டுத் தெருவில் நின்றவர்க்கு, அக் காளையை வளர்த்தவள் பெயரைத் தம் வீட்டில் ஒலிக்கச்செய்தல் அரிதன்று.

ஆனால் நடப்பது யாது? குழந்தை பிறந்த மறுநாளே கணியனிடம் ஓடுகின்றனர். நாண்மீனுக்குரிய எழுத்து இது என்று அவன் ஓரெழுத்தைக் கொடுக்கின்றான். பின் எண்கணியன் வந்து ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கழிக்கின்றான். இருவர்க்கும் இடையே நசுங்கி, தன்சிகா என்றும் யாசிகா என்றும் வர்சினி என்றும் ஒரு பெயர் பிறக்கின்றது. பொருள் கேட்டால் தந்தைக்கும் தெரியவில்லை, தாய்க்கும் தெரியவில்லை, 'கேட்க நன்றாக இருந்தது' என்பர். பாட்டியோ அப் பெயரைச் சொல்ல வாய் வராமல் 'பாப்பா' என்றே காலங்கழிக்கின்றாள். பேத்தியின் பெயரைப் பாட்டியால் அழைக்க இயலாத குடும்பத்தில், மொழி எந்த வழியாக அடுத்த தலைமுறைக்குச் செல்லும்?

ஆதலின் பெற்றோர்க்கும் பெற்றோராகப் போவார்க்கும் நாம் சொல்வன இவை:

பெயரிட விரையற்க. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, குழந்தையின் பெயரின்றியே பிறப்பைப் பதிந்துகொள்ளலாம். 12 திங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அவ் வோராண்டில் ஒருநாள் சிலம்பின் ஆய்ச்சியர் குரவையை இருவரும் சேர்ந்து படிக்க.

பெயரை இட்டபின் அதனைச் சுருக்கி அயற்பெயராக்கற்க. நப்பின்னை என்று பதிந்துவிட்டு வீட்டில் வேறொரு பெயரால் அழைத்தால், மீண்டும் ஒரு போர்வையே வீழும்.

மகள் வளருங்கால் அப் பெயரின் வரலாற்றை அவளுக்குச் சொல்க. பெயர்ப்பொருள் வினவும் ஆசிரியருக்கும் தோழியருக்கும் அவளே விடை சொல்வாள். அவ் விடை ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தமிழ்ப்பாடமாக அமையும்.

தமிழாசிரியர்கள் திருப்பாவையையோ சிலம்பையோ கற்பிக்குங்கால், நப்பின்னை என்னும் சொல்லுக்கு 'நீளாதேவி' என்று ஒரு சொல்லில் உரை சொல்லிக் கடந்துவிடற்க. ந என்னும் முன்னொட்டையும் பின்னை என்னும் பெயரையும் பிரித்துக்காட்டி, நச்செள்ளையாரையும் நப்பசலையாரையும் உடன் அழைத்து நிறுத்துக. ஒரு சொல்லால் ஒரு வகுப்பறையில் ஏழு புலவர் எழுந்து நிற்பர்.

ஒரு பெயரை மீட்பதனால் தமிழ்நாடு மாறிவிடுமா என்று கேட்பார் உளர். சட்டமோ ஆணையோ, பொருளோ படையோ இன்றி, ஒரு குடும்பம் தானே செய்து முடிக்கக்கூடிய மொழிப்பணிகள் மிகச் சிலவே. அவற்றுள் பெயரிடல் ஒன்று. அரசு செய்யவில்லை என்று இதில் யாரையும் குறை சொல்ல இயலாது. தொட்டிலருகே நின்று, பிள்ளையின் காதிற் சொல்லும் அந்த முதற்சொல்லை வேறு எவரும் நமக்காகச் சொல்லவும் முடியாது. நம்மைத் தடுக்கவும் முடியாது.

வரும் சிலைத் திங்களில் 18-ஆம் பாட்டு மீண்டும் பாடப்படும். கதவைத் திறக்குமாறு நப்பின்னையை வேண்டும் பாட்டு அது. அவள் உறங்குகின்றாள் என்று கோதையார் பாடினார். நெடுங்காலம் உறங்கிவிட்டாள். அவளை எழுப்புவதற்குரிய குரல், மகளைப் பெற்ற ஒரு தமிழ்த்தாயின் குரலாகவோ தந்தையின் குரலாகவோ அமையட்டும். தெருக்கோடியிலிருந்து 'நப்பின்னை, வீட்டுக்கு வா' என்று ஒருவர் அழைக்க, 'இதோ வந்தேன்' என்று ஒரு சிறுமி ஓடிவரும் நாளே, அப் பெயர் ஏட்டைவிட்டு வெளியே வந்த நாளாகும்.